சோப்பை விற்பவரும் பதில் சொல்பவரும்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குப் போகும் சாலையில் பாலாற்றைத் தாண்டினால் கர்நாடகம். சந்தன மரத்துக்குப் பேர்போன காட்டுப்பகுதி அது. அந்த மாநில அரசு தயாரிக்கும் மைசூர் சாண்டல் சோப்புக்கு, 2025 மே மாதம் நடிகை தமன்னாவை விளம்பரத் தூதராக்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளம் 6.2 கோடி ரூபாய். அறிவிப்பு வந்ததுமே, கன்னட நடிகை யாரும் கிடைக்கவில்லையா என்று சமூக ஊடகங்களில் கண்டனம் குவிந்தது. கர்நாடகத்துக்கு வெளியே சந்தை பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கர்நாடக அமைச்சர் எம்.பி. பாட்டீலே எக்ஸ் தளத்தில் விளக்க வேண்டியதாயிற்று.

விளம்பரக்காரரின் கணக்கில் இந்த முடிவு சரிதான். வெளிமாநிலத்தில் விற்க, அங்கே தெரிந்த முகம் வேண்டும். ஆனால் 1916-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய அரசு ஆலை அது. அதன் சோப்பைக் கன்னடர்கள் தங்கள் வீட்டுச் சொத்தாகவே நினைக்கிறார்கள். இந்த உரிமையுணர்வு விளம்பரக்காரரின் கணக்கில் வருவதில்லை. வாங்கப் போகிறவரை அவர் பார்க்கிறார். நூறாண்டாக வாங்கி வருபவரின் மனத்தாங்கலை முன்கூட்டியே உணர்வது மக்கள் தொடர்பாளரின் வேலை. விளம்பரக்காரருக்குப் பழகிய அச்சு விளம்பரம் ஒருவழிப் பேச்சு. சமூக ஊடகத்தில் பதிவு போட்ட அடுத்த நிமிடமே எதிர்க்கேள்வி வந்துவிடும்; அதற்குப் பதில் சொல்வதும் மக்கள் தொடர்பாளர்தான்.

அதற்காக மக்கள் தொடர்பாளர்களுக்கு முழு மதிப்பெண் தர மாட்டேன். 2021 அக்டோபரில், இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று உணவு விநியோக நிறுவனமான சொமேட்டோவின் ஊழியர் ஒருவர் தமிழ் வாடிக்கையாளரிடம் சொன்னபோது, நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. நல்ல பதில். ஆனால் அதே அறிக்கை, அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கியதாகவும் சொன்னது. அன்றைக்கே நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரை மறுபடி சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். சத்தத்தை அடக்கும் அவசரத்தில் எளியவரைப் பலிகொடுப்பது மக்கள் தொடர்புத் தொழிலின் பழைய நோய். இன்னொரு குறை, இவர்கள் எழுதும் பதிவுகள் பெரும்பாலும் செய்திக்குறிப்பு போலவே வறண்டிருக்கும். நாலு வார்த்தையில் நிறுத்திப் படிக்கவைக்கும் வித்தை விளம்பரக்காரருடையது. 1966-இலிருந்து அன்றாடச் செய்தியையே விளம்பரமாக்கி வரும் அமுல் விளம்பரச் சிறுமியைப் பாருங்கள்; ஊர்ப்பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் விளம்பரக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குறைவு.

ஆகவே நிறுவனங்களுக்கு நான் சொல்வது இது: பதிவை விளம்பரக்காரர் எழுதட்டும்; சமூக ஊடகக் கணக்கின் பொறுப்பு மக்கள் தொடர்பாளரிடம் இருக்கட்டும். தூதர் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே மக்கள் தொடர்பாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தையும் கொடுங்கள்.