படக்கதைத் தலைவனும் எம்டன் கதையும்

வீரன் ஒருவனின் வரலாறு அவன் செயல்களால் மட்டும் அமைவதன்று; அவனைப் போற்றுவாரின் தேவையாலும் அமைவது. புறத்திணைத் துறைகளைக் கற்றார் இதனை நன்கறிவர். போர்க்காலத்தில் நாட்டுப்பற்றை ஊட்டப் படைக்கப்பட்ட படக்கதைத் தலைவன் ஒருவனின் வரலாற்றையும், சென்னையில் வழங்கும் எம்டன் கதையையும் ஒருங்கு வைத்து, கற்பனை வரலாறு வளரும் முறையினை ஈண்டு ஆராய்வோம்.

கேப்டன் அமெரிக்கா என்னும் தலைவனைப் படைத்தோர் ஜோ சைமன், ஜாக் கிர்பி என்னும் இருவர். 1941 மார்ச்சு எனத் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் அவன் இட்லரின் முகத்தில் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்கியதோ அவ்வாண்டு திசம்பரில்தான். எனவே, வர இருந்த போருக்கு மக்களை முன்னரே அழைத்த படைப்பு அஃது எனலாம். கதைத் தொடக்கமும் இந்நோக்கிற்கு இயைய அமைந்துளது. ஸ்டீவ் ரோஜர்ஸ் மெலிந்த உடலினன், படையில் சேர்க்கப்படாதவன். அறிவியலார் ஒருவர் தந்த மருந்தால் பேராற்றல் பெறுகிறான். அம்மருந்தின் மறையறிந்த அவரைப் பகைவரின் ஒற்றன் உடனே கொன்றுவிடுகிறான். எளியன் எவனும் வீரனாகலாம் என்னும் நம்பிக்கையும், அத்தகைய வீரன் இவன் ஒருவனே என்னும் பெருமையும் இந்நிகழ்ச்சிகளால் ஒருங்கே பெறப்படுகின்றன.

போர் 1945-இல் முடிந்தது. தலைவனுக்கு வேலையில்லாது போயிற்று. 1954-இல் பொதுவுடைமையாளரை ஒடுக்குவோனாக மீண்டும் தோன்றிச் சில இதழ்களோடு மறைந்தான். 1964-இல் ஸ்டான் லீயும் கிர்பியும், அவன் போரின் இறுதி முதல் பனிக்கட்டியில் உறைந்து கிடந்தான் என எழுதினர். அங்ஙனமாயின், 1954-இல் போரிட்டவன் யாவன்? அவன் ரோஜர்ஸ் அல்லன், அவனைப்போல் வேடம் பூண்ட வேறொருவன் என 1972-இல் வந்த தொடர்கதை விடையிறுத்தது. ஒரு காலத்தின் சினத்தைப் பிற்காலம் தன் தலைவன்மீது சுமத்த விரும்பாது பிறனொருவன் தலையில் ஏற்றிய திறம் இங்குக் காணத்தக்கது.

தமிழ் மரபில் நடுகல் இதற்கு நேர்மாறானது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியர் கூறும் துறைகள் யாவும் வீரன் இறந்தபின் நிகழ்வன. அவன் பெயரும் செயலும் கல்லில் பொறிக்கப்பட்டபின் அவற்றை மாற்றுதல் அரிது. படக்கதைத் தலைவனுக்கு இறப்பு இன்மையின் அவன் வரலாற்றுக்கு முடிவும் இல்லை.

இனி எம்டன் கதைக்கு வருவோம். சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரின் பகுதியன்று, சாந்தோமை அடுத்துள்ள சென்னைப் பட்டினப்பாக்கத்தின் கரையில் நிற்பார்க்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது துறைமுகம். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் அத்துறைமுகத்தின்மீது குண்டு வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றின, சிலர் உயிரிழந்தனர். உயர்நீதிமன்ற மதிலில் குண்டு பட்ட இடத்தை ஒரு கல் குறிக்கின்றது. மக்கள் வழக்கோ அதனினும் ஒருபடி மேற்சென்றது. கப்பலின் பெயர் ஆளின் பெயராயிற்று; துணிவும் தந்திரமும் மிக்கவனை 'எம்டன்' என்றனர். ஆயினும் அயலார் கப்பல் எவ்வாறு நம் வீரனாகும்? இவ்விடைவெளியை நிரப்பவே செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்னும் கதை எழுந்தது என்பது எம் கருத்து.

வரலாறு இதற்கு இடந்தரவில்லை. எம்டன், சீனக் கரையிலுள்ள சிங்தாவோத் துறையினின்று 1914 சூலை இறுதியில் புறப்பட்ட கப்பல். செண்பகராமனோ அவ்வாண்டில் சூரிச்சு நகரில் இந்திய விடுதலைக்கான குழுவொன்றின் தலைவராக இருந்து, அக்டோபரில் பெர்லின் சேர்ந்தவர். ஐரோப்பாவில் இருந்தவர் வங்கக் கடலில் இருந்திருத்தல் இயலாது.

கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார் உளர். ரோஜர்சின் வரலாற்றை எத்துணை முறை திருத்தினும் எவர்க்கும் இழப்பில்லை. திருத்தங்களுக்குப் பின்னே மெய்யான ஆள் ஒருவன் இலன். செண்பகராமன் பிறந்து, உழைத்து, 1934-இல் பெர்லினில் மறைந்த மனிதர். மடல் எழுதுதலும், குழு கூட்டுதலும், அயல்நாட்டாரிடம் தம் நாட்டுக்காக வாதிடுதலுமே அவர்தம் போர். அவ்வுழைப்பு வீரமாகாது எனக் கருதுவார்க்கே பீரங்கி தேவைப்படுகின்றது. கற்பனைச் செயலை ஏற்றிப் புகழுங்கால் மெய்ச்செயல் மறைந்துபோகின்றது. அவர் சாம்பல் 1966-இல் விடுதலை பெற்ற இந்தியாவின் ஐ.என்.எஸ். தில்லி என்னும் போர்க்கப்பலில் தாயகம் வந்தது. எம்டன் கதையை விரும்பிச் சொல்வோருள் இதனைச் சொல்வார் சிலரே.

ஆதலின், எம்டன் கதையைப் பொய்யெனத் தள்ளுதலும், மெய்யெனக் கொள்ளுதலும் ஆய்வாளர்க்கு ஏற்புடையன அல்ல. அஃது அடிமைப்பட்ட நகரத்து மக்கள் தமக்கென ஒரு வீரனை வேண்டிய வேட்கையின் இலக்கியம். அவ்வகையில் தொகுத்து ஆராயத்தக்கது. செண்பகராமனின் வாழ்க்கை வரலாறு அதனின் வேறாக, சான்றுகளின் வழி எழுதப்பெறுதல் வேண்டும். நடுகல் எழுப்பிய முன்னோர் வீரன் செய்ததையே கல்லில் பொறித்தனர். எழுத்தில் கல் நாட்டும் நமக்கும் அந்நெறியே உரியது.