இரண்டு கட்டையில் எழுதி, மூன்று கட்டையில் வாசிப்பது

டபுள் பேஸ் கலைஞர் தடுமாறினார் என்று தீர்ப்பு எழுதுமுன் அவர் எதிரே விரித்திருந்த நோட்ஸைப் பார்த்துவிட வேண்டும். டிட்டர்ஸ்டார்ஃப் என்ற இசையமைப்பாளரின் டபுள் பேஸ் கான்செர்ட்டோவில் பாதிச் சிக்கல் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

ஆர்க்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் வேலைக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் இதன் முதல் பகுதியையோ வான்ஹாலின் கான்செர்ட்டோவையோதான் வாசிக்கச் சொல்வார்கள். இரண்டுமே 18ஆம் நூற்றாண்டு வியன்னா சரக்கு. ஹைடனும் ஒன்று எழுதினார். அது தொலைந்துபோய், அவருடைய பட்டியலில் குறித்த முதல் இரண்டு பார்கள்தான் மிச்சம். டிட்டர்ஸ்டார்ஃப் தப்பியதற்கு யோஹான் ஸ்பெர்கர் என்ற பேஸ் கலைஞருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் சேர்த்துவைத்த கையெழுத்துப் பிரதிகள் ஜெர்மனியின் ஷ்வெரினில் பத்திரமாக இருந்தன.

அன்றைய வியன்னா பேஸின் மேல் மூன்று தந்திகள் டி, எஃப் ஷார்ப், ஏ. இரண்டு கட்டை சுருதியில் ச, க, ப! விரலே வைக்காமல் வில்லைப் போட்டால் சங்கராபரணத்தின் அஸ்திவாரம் கேட்கும். டிட்டர்ஸ்டார்ஃப் அதற்காகவே எழுதினார். ச-க-ப என்று ஏறும் வரிகளில் இடது கை அசையாது, வில் மட்டும் தந்தி விட்டுத் தந்தி போகும். இன்றைய பேஸில் தந்திகள் இ, ஏ, டி, ஜி. ஒவ்வொன்றுக்கும் அடுத்தது அதன் மத்திமம். அதே வரிக்கு இப்போது கை ஒரு மீட்டருக்கும் நீளமான தந்தியில் மேலும் கீழும் ஓட வேண்டும். அந்தத் தாவலில்தான் காந்தாரம் இறங்கிப்போகிறது. அங்கே சுத்தமாக நின்று, வில்லின் ஓட்டத்தையும் விடாதவரே என் கணக்கில் தேர்ந்தவர். வேகம் அப்புறம்தான்.

இன்னொரு சங்கதி. தனி வாசிப்புக்கு நான்கு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கட்டுவார்கள். ஆர்க்கெஸ்ட்ராவை மீறி நாதம் தெளிவாகக் கேட்கும். தாளில் இருப்பது டி மேஜர், காதில் விழுவது இ மேஜர். கூசெவிட்ஸ்கியின் கான்செர்ட்டோவும் இப்படித்தான்: பேஸுக்கு இ மைனர், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எஃப் ஷார்ப் மைனர். ஸ்டாஃப் நொட்டேஷன் மட்டும் கற்றவர்கள் இதில் குழம்புவார்கள். சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு இதில் என்ன குழப்பம்? ஸ்வரம் அதேதான், கட்டை மாறுகிறது.

இந்த ஸ்டாஃப் நொட்டேஷன் தாள் நமக்கு அந்நியமும் அல்ல. ஏ.எம். சின்னசாமி முதலியார் கர்நாடகக் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் சென்னையில் அச்சிட்டது 1893இல். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் கலைஞர்கள் வாசித்தது பண்ணைப்புரத்து இளையராஜா எழுதிய சிம்பொனியை.

ஆலங்குளத்திலோ ராஜபாளையத்திலோ டிட்டர்ஸ்டார்ஃபின் கான்செர்ட்டோவைக் கேட்டுவிட்டு நோட்ஸ் தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாங்குமுன் அதோடு வரும் பியானோ பகுதி எந்தச் சுருதியில் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரணத் தந்தி போட்ட பேஸ் என்றால் டி மேஜர் பியானோ பகுதிதான் சேரும். இ மேஜர் வேண்டுமானால் சோலோ தந்திகளைத் தனியாக வாங்கிப் போடுங்கள். இருக்கிற தந்தியையே முறுக்கி ஏற்றாதீர்கள், வாத்தியம் தாங்காது.