செஞ்சோற்றுக்கடனும் அரச ஆலோசகனும்: மட்டக்களப்புக் கூத்து மரபு பற்றிய ஒரு கருத்துநிலை நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும், 1963இல் நொண்டி நாடகத்தையும், அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் இராவணேசனையும், 1968இல் வாலி வதையையும் மேடையேற்றினார். அக்காலந்தொட்டு மட்டக்களப்புக் கூத்து, கிராமத்தவரின் பொழுதுபோக்கு என்ற நிலையினின்று உயர்ந்து ஈழத்துத் தமிழரின் அரங்க மரபு என்ற அந்தஸ்தைப் பெற்றது. கலாநிதிப் பட்டத்துக்கென சி. மௌனகுரு 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வு, இம்மரபின் ஆட்டம், பாடல், ஒப்பனை, சமூகப் பின்னணி ஆகியவற்றை விரிவாக நிறுவிற்று. எனினும் இக்கூத்துகள் எதனை ஆடுகின்றன என்ற வினா, எவ்வாறு ஆடுகின்றன என்ற வினா பெற்ற அளவு கவனத்தைப் பெறவில்லை என்பதே எமது கருத்து. முற்போக்கு விமர்சகர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லர். மக்கள் கலை என்று ஒன்றை அழைத்த மாத்திரத்தே அதன் உள்ளடக்கமும் மக்கள் சார்பானதாகிவிடும் என்று கருதும் சோம்பல் எம்மிடையேயும் உண்டு.

இக்கட்டுரையில் ஒரு பாத்திர வகையை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். அரசன் அருகிருந்து அவனுக்கு அறிவுரை கூறி, அவ்வறிவுரை ஏற்கப்படாதவிடத்தும் அவனைப் பிரியாது நிற்கும் விசுவாசமிக்க ஆலோசகன் எவ்வகைச் சமூக உறவின் பிரதிநிதி என்பதே எமது வினா.

தமிழ்க் கூத்து மரபு முழுவதற்கும் பொதுவான கொலுக் காட்சியிலிருந்து தொடங்குவது பொருத்தம். கட்டியக்காரன் வரவு கூற, அரசன் களரிக்கு வந்து ஆடி அமர்கிறான். அமர்ந்ததும் மந்திரியை அழைத்து நாட்டில் மாதம் மும்மாரி பொழிகின்றதா என்று வினவுகிறான். மந்திரி, பொழிகின்றது என்கிறான். நகைச்சுவைத் துணுக்குகளாகத் தேய்ந்துபோன இவ்வினா-விடையை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. மழையைப் பற்றி அரசன் வயலை வினவவில்லை. வயலில் நிற்பவனையும் வினவவில்லை. மந்திரியை வினவுகிறான். மந்திரியின் ஒரு சொல் நாட்டின் சொல்லாகிவிடுகிறது. வட்டக்களரியைச் சுற்றி இருப்பவர்களோ மாரி பெய்ததா, பொய்த்ததா என்பதைத் தம் வயிற்றால் அறிந்தவர்கள். அவர்களின் முன்னிலையிலேயே அவர்களுக்காக வேறொருவன் பேசுகிறான்.

இந்த மந்திரி பெரும்பாலும் பெயரற்றவன். அவனுக்கு அகமுரண் இல்லை. அம்முரணைக் காணவேண்டின் இதிகாசப் பாத்திரங்களிடம் செல்லவேண்டும். இருவர் முன்னிற்கின்றனர்: துரியோதனனின் கர்ணன், இராவணனின் கும்பகர்ணன். கர்ணன் தன் பிறப்பை அறிந்த பின்னரும், தாயே வந்து இரந்த பின்னரும், துரியோதனனை விட்டு நீங்க மறுக்கிறான். அவன் வழக்குக்குத் தமிழ் மரபு வைத்திருக்கும் பெயர் செஞ்சோற்றுக்கடன். கர்ணனைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டதாகையால் நாம் கும்பகர்ணனிடமே நிற்போம்.

கம்பனின் யுத்த காண்டத்தில் கும்பகர்ணன் இரு தடவை ஆலோசனை கூறுகிறான். முதலாவது, மந்திராலோசனை அவையில். பிறன் மனையாளைச் சிறைவைத்துக்கொண்டு புகழையும் மானத்தையும் பேசும் அரசனின் முரண்பாட்டை அவன் எள்ளலோடு எடுத்துக்காட்டுகிறான். அதே பேச்சில், செய்தது செய்தாயிற்று, இனி அவளை விடுவது எம்மை எளியராக்கும், பொருது மடிவதே மேல் என்கிறான். குற்றத்தைக் குற்றமென அறிந்துரைத்த நாவே அக்குற்றத்தைக் காக்கும் போர்த்திட்டத்தையும் வகுத்துக் கொடுக்கிறது. இரண்டாவது ஆலோசனை, அவன் உறக்கத்தினின்று எழுப்பப்பட்ட பின்னர். இப்போது அவன் சீதையை விடுவிக்கவும், வீடணனோடு உறவாடவும் சொல்கிறான். இராவணன் சினந்து இகழ்கிறான். கும்பகர்ணன் பிழை பொறுக்குமாறு வேண்டி, தான் மீளப்போவதில்லை என்பதையும் அறிவித்து, தான் வீழ்ந்தாலாவது சீதையை விட்டுவிடுக என்று கூறிப் போர்க்களம் செல்கிறான். களத்தில் வீடணன் வந்து அழைத்தபோது, தன்னை நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காது வருவதற்கில்லை என்று மறுக்கிறான்.

இவ்விரண்டாவது ஆலோசனைக்கு முன்னர் நிகழும் ஒன்றை உரைகாரர்கள் மிகைநவிற்சி என்று கூறிக் கடந்துவிடுவர். எழுந்த கும்பகர்ணன் உண்கிறான். கம்பன் தரும் கணக்கு அறுநூறு வண்டிச் சோறு. ஆலோசகன் அரண்மனைக்குச் சென்று தன் அரசனிடம் உண்மை பேசுமுன்னர் அறுநூறு வண்டிச் சோற்றை உண்டு முடித்துவிட்டான். அவன் கடனாளியாகிவிட்டான். கவிஞனின் உள்நோக்கம் எதுவாயினும், காட்சிகளின் ஒழுங்கு இதனைத் தெளிவாகச் சொல்கின்றது: சோறு முந்தியது, அறிவுரை பிந்தியது.

அச்சோற்றை விளைவித்தவர் யார்? இராவணன் அல்லன். செஞ்சோற்றுக்கடன் என்ற கோட்பாட்டின் மர்மம் இங்கேயே உள்ளது. உழைப்பவன் விளைத்த நெல் அரசனின் களஞ்சியத்தைச் சேர்ந்ததும் அரசனின் கொடையாக உருமாறுகின்றது. அதனை உண்டவன் அரசனுக்குக் கடன்படுகிறான், உழைத்தவனுக்கன்று. திருக்குறளின் அமைச்சு அதிகாரமும் கேளாத மன்னனிடத்தும் நன்மையை எடுத்துரைத்தலை அமைச்சனுக்கு விதிக்கின்றது. அங்கும் ஆளப்படும் சொல் 'கடன்' என்பதே. வீரயுகத் தலைவன் தன் மறவர்க்குச் சோறும் கள்ளும் அளித்து அவர் உயிரைப் பெற்றுக்கொண்ட உறவு, அரசு வளர்ந்த காலத்தில் அமைச்சியல் அறமாகச் செம்மைப்படுத்தப்பட்டது என்று கொள்ளலாம்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அறிந்தவர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ஊர்கள் நெருங்கிக் கிடக்க, படுவான்கரையில் வயல்கள் விரிந்து கிடக்கின்றன. அவ்வயல்களைச் சுற்றி எழுந்த சமூக அமைப்பின் உச்சியில் போடியாரும், நீரையும் வேலியையும் ஒழுங்குசெய்யும் வட்டை விதானையாரும், வயலோடு கட்டுண்ட முல்லைக்காரனும் இருந்தனர். கோயில் உரிமைகள் குடிவழியாகப் பகிரப்பட்டன. இவ்வமைப்பை அக்கரைப்பற்றுப் பகுதியில் ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூலில் அதன் சாதி, குடி, தாய்வழி உறவுக் கூறுகள் விரிவாக எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால், பங்குக்குப் பயிரிடுவோனுக்குச் சட்டப் பாதுகாப்பளிக்க முற்பட்டது. தீவின் பல பகுதிகளில் காணிக்காரர் அச்சட்டத்தை முந்திக்கொண்டு பயிரிட்டவரை வெளியேற்றினர். பலர் நூலறிவால் மட்டும் பேசும் 'உற்பத்தி உறவு' இங்கு அவணக் கணக்கில் வரம்பிலேயே பேசப்பட்ட ஒன்று.

எனவே செஞ்சோற்றுக்கடன் நிலவுடைமையாளரின் கருத்துநிலை, அதை ஆடும் கூத்தும் அக்கருத்துநிலையின் கருவி என்று கூறி முடித்துவிடலாமா? எம் தோழர் சிலர் அவ்வாறு முடித்ததுண்டு. அது இயந்திரப் பாங்கான முடிபு. கும்பகர்ணனுக்காக இரங்குகின்ற உழைப்பாளி வெறுமனே ஏமாற்றப்பட்டவன் அல்லன். உண்ட சோற்றை மறவாமை என்பது முதலில் உழைப்பவர்களிடையே வழங்கும் அறம். இன்று என் வயலில் நீ இறங்கினாய், நாளை உன் வயலில் நான் இறங்குவேன் என்ற கைம்மாற்று உறவின்றி வேளாண்மை இல்லை. அவ்வறத்தை மேலே இருப்பவன் கைப்பற்றித் தன் பெயரில் எழுதிக்கொண்டான். அவ்வாறு கைப்பற்றப்பட்ட பின்னரும் அதன் பழைய கூர் முற்றாக மழுங்கிவிடவில்லை. சோறு உண்டவன் கடனாளி என்பது விதியாயின், விளைந்ததில் பெரும்பங்கை உண்டவனே பெரும் கடனாளி. கும்பகர்ணனுக்காக வடியும் கண்ணீரில் இராவணன்மீதான ஒரு குற்றச்சாட்டும் கலந்திருக்கின்றது. இத்தகையவனின் உயிரைப் பெறும் தகுதி உனக்கு உண்டா என்ற குற்றச்சாட்டு அது.

வாய்க்காலும் வயலும் களஞ்சியமும் உள்ள இடங்களில் இவ்வாலோசகன் தோன்றுவது எமக்கு மாத்திரம் உரியதன்று. யூப்பிரட்டீஸ், தைகிரிஸ் ஆறுகளின் படுகையில் எழுந்த மெசொப்பொத்தேமியப் புராணங்களில் ஒவ்வொரு பெருந்தெய்வத்துக்கும் ஓர் அமைச்சத் தெய்வம் உண்டு. சுமேரிய மொழியில் அதனைச் 'சுக்கல்' என்பர். இனன்னா தேவி பாதாளம் சென்று மீளாதபோது மூன்று நாள் காத்திருந்து, தெய்வத்துக்குத் தெய்வம் சென்று முறையிட்டவள் அவளுடைய அமைச்சி நின்சுபுர். இனன்னாவுக்கு ஈடாக ஓர் உயிரைக் கேட்டு வந்த பேய்கள் முதலில் நின்சுபுரைப் பற்ற முனைந்தபோது, அவள் விசுவாசத்தை எண்ணி இனன்னா தடுத்துவிடுகிறாள். விசுவாசத்துக்கு வெகுமதி கிடைத்த கதை இது.

எமக்கு அதனினும் முக்கியமானது அத்ரஹாசிஸ் காவியம். பாபிலோனிய மன்னன் அம்மி-சதுக்காவின் காலத்தில், கி.மு. 17ஆம் நூற்றாண்டில், பிரதிசெய்யப்பட்ட களிமண் ஏடுகள் வழி எமக்குக் கிடைத்திருப்பது அது. லம்பேட்டும் மில்லாட்டும் 1969இல் அதனைப் பதிப்பித்தனர். மனிதர் படைக்கப்படுமுன்னர் சிறுதெய்வங்களே வாய்க்கால் வெட்டின. நெடுங்காலம் உழைத்து நலிந்த அவை ஒரு நாள் தம் மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயிட்டுவிட்டு, நள்ளிரவில் என்லில் தெய்வத்தின் மாளிகையை வளைத்துக்கொண்டன. உலக இலக்கியத்தில் எமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வேலைநிறுத்தச் சித்திரிப்புகளுள் இதுவும் ஒன்றாகலாம். வாயிற்காவலன் அமைச்சன் நுஸ்குவை எழுப்ப, நுஸ்கு என்லிலை எழுப்புகிறான். என்லில் அஞ்சி, கதவையடைத்துவிட்டு ஆயுதத்தோடு தன்முன் நிற்குமாறு நுஸ்குவைப் பணிக்கிறான். நுஸ்கு நிற்கிறான். ஆயினும் வெளிறிய முகத்தோடு நின்ற தலைவனைப் பார்த்து, இவர்கள் உம் புதல்வர்களன்றோ, புதல்வர்களுக்கு அஞ்சுவானேன் என்று வினவுகிறான். பின்னர் தூதாகச் சென்று, இக்கலகத்தின் தலைவன் யார் என்று கேட்கிறான். நாம் அனைவருமே என்று விடை வருகின்றது. பாரம் எம்மைக் கொல்கின்றது என்றும் அவர்கள் சொல்கின்றனர். நுஸ்கு அவ்விடையை ஒரு சொல்லும் மாற்றாது கொண்டுவந்து ஒப்புவிக்கிறான்.

நுஸ்குவை நாம் புரட்சியாளனாக்க வேண்டியதில்லை. போடியாரின் வட்டை விதானையார் போல அவனும் இடையில் நிற்பவன். கலகம் முடிந்த விதமும் அவனது வர்க்கத்துக்கு ஏற்றதே: அவர்களின் பாரம் பெரிதென்பது ஒப்புக்கொள்ளப்படுகின்றது, தெய்வம் ஒன்று பலியிடப்பட்டு, அதன் தசையும் குருதியும் களிமண்ணோடு பிசையப்பட்டு மனிதன் படைக்கப்படுகிறான், கூடை அவன் தலைக்கு மாறுகின்றது. பாரம் நீங்கவில்லை, தோள் மாறியது. ஆயினும் ஒரு வேறுபாடு கவனத்துக்குரியது. நுஸ்கு கதவைத் திறந்து வெளியே சென்றான். வேலை செய்தவர்களின் சொல் அவர்களின் வாயாலேயே காவியத்துள் நுழைந்தது. எமது கொலு மண்டபத்து மந்திரி கதவுவரை செல்வதேயில்லை. கும்பகர்ணனும் இராவணனின் அறத்தைப் பற்றிப் பேசினானேயன்றி, அறுநூறு வண்டிகளை ஓட்டிவந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை.

வீடணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. களனியில் விகாரையோடு அமைந்த தேவாலயத்தில் அவன் சிங்கள மக்களின் காவல் தெய்வம். தமிழ் அரசியற் பேச்சிலோ, சிறப்பாகத் திராவிட இயக்கம் இராவணனைத் தமிழ் வீரனாக மீட்டெடுத்த பின்னர், 1946இல் புலவர் குழந்தையின் இராவண காவியம் வெளிவந்த காலச்சூழலில், அவன் பெயர் வசையாகிவிட்டது. இரு மதிப்பீடுகளும் ஒரே தராசில் நிறுப்பவை: யாருக்கு விசுவாசம் என்பதே தராசு. வீடணன் அரசு என்ற அமைப்பை மறுத்தவன் அல்லன். ஓர் அரசனை விட்டு இன்னோர் அரசனிடம் சென்று, முடியும் பெற்றவன். அவனை விமர்சிக்க எமக்கு இக்காரணம் போதும். தலைமையை மறுத்துப் பேசினான் என்பதற்காக அவனைத் துரோகி என்போமாயின், மறுத்துப் பேசியும் பிரியாது மடிந்த கும்பகர்ணனையே ஒரேயொரு நல்ல விமர்சகனாக ஏற்றவர்களாவோம். 1980களிலிருந்து 2009 வரை 'துரோகி' என்ற சொல்லுக்கு இவ்வாவியின் இரு கரைகளும் கொடுத்த விலையை இப்பிரதேசத்து வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கூத்துக் களரியில் விளைந்த ஒரு மதிப்பீடு களரியோடு நின்றுவிடுவதில்லை.

மரபைப் புதுக்கியவர்கள் இப்பிரச்சினையை எவ்வாறு எதிர்கொண்டனர்? இராவணேசன் கூத்தின் வீரனுக்கு அவலநாயகனின் ஆழத்தை வழங்கிற்று. அது அரங்கக்கலை நோக்கில் பெருஞ்சாதனை. ஆயினும் ஒளி அரசன் முகத்திலேயே விழுந்தது. மௌனகுருவின் சங்காரம் எதிர்த்திசையில் சென்று, வடமோடி ஆட்டத்தை வர்க்கப் போராட்டத்தைக் கூறப் பயன்படுத்திற்று. அங்கு பழைய கதையே கைவிடப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தர்களும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் மூன்றாவது வழி. ஊரவரே தம் கொப்பியை எடுத்து வைத்து, அதிலுள்ள சாதி, பெண் பற்றிய கருத்துகளை விவாதித்து மாற்ற முற்பட்டனர். பல்கலைக்கழக மேடை செய்யாததை ஊர்க் களரி செய்தது என்பதனால் எமக்கு இம்முயற்சி மிக மதிப்புடையதாகத் தோன்றுகின்றது.

அவ்விவாதத்தில் கொலுக் காட்சியும் இடம்பெற வேண்டும் என்பது எமது வேண்டுகோள். கும்பகர்ணனை மாற்றி எழுதத் தேவையில்லை. அவன் தன் கடனைத் தீர்த்து மடியட்டும், அவனுக்காக அழுபவர் அழட்டும். ஆனால் முதல் இராத்திரியில், அரசன் மழையைப் பற்றி வினவியதும், மந்திரி விடை கூறுமுன்னர் களரியைச் சுற்றியிருப்பவர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பானாயின், ஏட்டண்ணாவியார் அதற்கென ஒரு தருவை எழுதிவிடலாம். மத்தளக்காரருக்குத் தாளம் மாற்ற வேண்டிய அவசியமும் நேராது.