மண்ணிலா, விதையிலா?

ரசாயன உரம் மண்ணைக் கொன்றது, மண் செத்ததால் சோற்றில் சத்து போனது, ஆகவே மண்ணை மீட்டால் சத்தும் மீளும். இயற்கை அங்காடிகளில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. மண்ணை மீட்டெடுக்கும் மீளுருவாக்க வேளாண்மைக்கு நகரத்தில் கிடைக்கும் ஆதரவில் பெரும்பங்கு இந்தச் சங்கிலியை நம்பி வருவதுதான். அதன் நடுக்கண்ணி பலவீனமானது.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விளைகிறது. மணியையும் மண்ணையும் மாதிரி எடுத்துச் சேமித்தும் வருகிறார்கள். அவற்றைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வின்படி, 1960களின் நடுப்பகுதி வரை மணியில் துத்தநாகமும் இரும்பும் ஏறத்தாழ நிலையாக இருந்தன, பிறகு சரிந்தன. ரசாயன உரமிட்ட பாத்தி, தொழுவுரப் பாத்தி, எதுவுமே இடாத பாத்தி எல்லாவற்றிலும் இதே சரிவு. மண்ணிலோ அந்தத் தாதுக்கள் குறையவில்லை. அந்தக் காலத்தில் மாறியது விதை. குட்டை ரகக் கோதுமை அப்போதுதான் வயலுக்கு வந்தது.

நெல்லும் இதையே சொல்கிறது. மேற்கு வங்கத்தின் பிதான் சந்திர வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெவ்வேறு பத்தாண்டுகளில் வெளியான ரகங்களை ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். 1960களின் ரகங்களில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராம் துத்தநாகம். 2000களின் ரகங்களில் 20.6. இரும்பு 59.8இலிருந்து 43.1 ஆனது. விளைச்சலைக் கூட்டும் விதையைத் தேடியவர்கள் சத்தைத் தேடவில்லை. அதே விதையைப் போட்டுச் சாணக் கரைசலான ஜீவாமிர்தம் ஊற்றினால் இழந்தது முழுவதும் திரும்பும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மண்ணுக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. வேரோடு கூடி வாழும் பூஞ்சையின் இழைகள், வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரசையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. அடிக்கடி உழுதால் அந்த இழைகள் அறுபடும். பாஸ்பேட் உரம் மிகுந்தால் பயிரே பூஞ்சையுடன் உறவைக் குறைத்துக்கொள்ளும். நிலவியலாளர் டேவிட் மாண்ட்கோமெரியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பண்ணைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், மண்வளம் பேணிய பண்ணைகளின் விளைபொருளில் சில வைட்டமின்களும் தாதுக்களும் கூடுதலாக இருந்தன. ஆனால் ஒப்பிட்டது சில பண்ணைகளைத்தான். அதை நல்ல அறிகுறி எனலாம். தீர்ப்பு என்று துண்டறிக்கையில் அச்சிட முடியாது. இதற்கெல்லாம் மேலே, தவிட்டைச் சீவிப் பாலிஷ் போடும் அரிசி ஆலை என்று ஒன்றும் இருக்கிறது. பல ஆண்டு மண் வேலையின் பலனில் கணிசமான பங்கு அங்கே மாட்டுத் தீவனமாகப் போய்விடுகிறது.

இந்த வேளாண்மை சூழலுக்கு நல்லது என்ற வாதத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஆந்திர அரசு 2016இல் தொடங்கிய இயற்கை வேளாண் திட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, மழைக்கு முந்தைய உலர் விதைப்பு. பல வகை விதைகளைக் களிமண்ணும் கன ஜீவாமிர்தமும் பூசி உருட்டி, வெறும் நிலத்தில் விதைத்து, மூடாக்குப் போடுகிறார்கள். அனந்தபூர் போன்ற வறண்ட மாவட்டத்திலும் நிலம் கோடையில் பச்சையாக இருக்கிறது. மழைத்துளி நேராக அறையும் வெற்று மண் இறுகிப் பொருக்காகும், தண்ணீர் வழிந்தோடும். வேர் துளைத்த மண் அதே மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும். தமிழ்நாட்டில் இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் பரப்பிய பலதானிய விதைப்பும் மண்ணுக்கு இந்த உயிர்ப்பைத் தருவதுதான். யூரியா குறைவதில் இன்னொரு லாபம்: இடும் தழைச்சத்தில் தோராயமாக 1% நைட்ரஸ் ஆக்சைடாக மேலேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும்.

காற்றிலுள்ள கரியை மண்ணில் பூட்டிப் புவி வெப்பத்தையே நிறுத்திவிடலாம் என்கிற பேச்சு மட்டும் மிகை. மண் ஒரு அளவுக்கு மேல் கரியை ஏற்காது. மறுபடி ஆழ உழுதால் ஏற்றதும் காற்றோடு போகும். வெப்ப நாட்டு மண்ணில் மக்கு விரைவாகவே சிதைந்துவிடும். பக்கத்து நிலத்து இலைதழையை அள்ளி வந்து கொட்டினால் கரி இடம் மாறுகிறது, அவ்வளவே.

கரிக்கணக்கில் பெரு நிறுவனங்களுக்கு ஆர்வம் வந்திருப்பது வேறு விஷயம். பெப்சிகோ 2021இல், 2030க்குள் 70 லட்சம் ஏக்கரை மீளுருவாக்க வேளாண்மைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. இயற்கை விளைபொருளுக்கு இருப்பது போன்ற சட்ட வரையறை இதற்குப் பெரும்பாலான நாடுகளில் கிடையாது. அமெரிக்காவில் உழவைக் கைவிட்ட பெரும்பண்ணைகள் பல, களையைக் கிளைபோசேட் தெளித்தே அடக்குகின்றன. மண்புழு பிழைக்கிறது என்று மகிழலாம். களைக்கொல்லி எச்சத்துக்குப் பயந்து கூடுதல் விலை கொடுப்பவருக்கு அதைச் சொல்ல வேண்டாமா?

இந்தியாவில் தடை வேறு. மருந்தடிக்காத வயலில் களையெடுக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். சாணத்துக்கு மாடு வேண்டும். மண் தேறும்வரை முதல் சில போகங்களில் விளைச்சல் குறைந்தால் தாங்க வேண்டும். இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. அதன் விளைவாக நெல் விவசாயி நொடித்தார். அதை இந்த வேளாண்மையின் தோல்வி என்று காட்டுவது தவறு. மண்ணுக்கு அவகாசமே தராத ஆணை அது.

அவகாசத்துக்கான செலவு யாருடையது என்பதில்தான் எல்லாம் சிக்குகிறது. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வாய்மொழியாகக் குத்தகை எடுப்பவர், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது நிலத்தைத் தேற்றினால், அடுத்த ஆண்டு நிலத்துக்காரர் குத்தகைத்தொகையைத்தான் முதலில் ஏற்றுவார்.