கீழே யாரும் இல்லாத மலாயா

1941இல் மலாயா வானத்தில் பறந்த பிரூஸ்டர் பஃபலோ போர் விமானத்தை இன்று ஒரு சாதாரண லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு 'ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்: 1946' என்ற பழைய கேம் போதும். ஒலெக் மேடாக்ஸ் என்ற ரஷ்யரின் குழு 2001இல் முதல் பாகத்தை வெளியிட்டது. 2004இல் 'பசிபிக் ஃபைட்டர்ஸ்' வந்தது. 2006 இறுதியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி '1946' என்று கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் கேமின் ஆயுளில் இது கொள்ளுத்தாத்தா வயது. இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் அதை ஆடுகிறவர்களே அதைப் பிரித்து, திருத்தி, மேலே சேர்த்துக்கொண்டே வருவதுதான். அதற்குப் பெயர் மோட்.

இலக்கிய இதழில் கேமைப் பற்றி எதற்கு என்று கேட்கலாம். ஒரு பிரதியை அதன் வாசகர்களே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அந்தப் பிரதியின் ஒரு பகுதி மலாயாவில் நடக்கிறது. ஆனால் அந்த மலாயாவில் நாம் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் அது விமர்சனத்துக்குரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். இந்த கேம் இயந்திரத்தை மதிக்கிறது. பஃபலோவில் ஏறி முழு வேகத்தில் மேலே இழுத்தால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வரும். கேட்காமல் இழுத்தால் இன்ஜின் சக்தி குறையும், பிறகு நின்றே போகும். எடை, எரிபொருள், உயரம், காற்றின் அடர்த்தி எல்லாம் பின்னால் கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். அவசரப்படுகிறவனை இந்த விமானம் மன்னிக்காது. பொறியியல் படித்தவனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. பாடப்புத்தகத்தில் சமன்பாடாக இருந்தது இங்கே கையில் நடுங்கும்.

அந்தச் சூடு வரலாற்று உண்மை. பிரிட்டன் 170 பஃபலோக்களை வாங்கியது. ஐரோப்பியப் போருக்கு இது லாயக்கில்லை என்று முடிவுசெய்து கிழக்கே அனுப்பியது. இங்கே வந்த வகை கனமானது, வெப்பமண்டலக் காற்றில் இன்ஜின் சீக்கிரம் கொதிக்கும், உயரம் ஏறத் திணறும். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த சில நாட்களில் ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆவது, 453ஆவது ஸ்குவாட்ரன்களின் பஃபலோக்கள் ஈப்போ விமானத் தளத்திலிருந்து பறந்தன. எதிரே வந்தது நாகாஜிமா கீ-43, 'ஹயாபுசா'. லேசானது, சட்டென்று திரும்பக்கூடியது. நேச நாட்டு விமானிகள் பலர் அதை 'ஸீரோ' என்றே நினைத்தார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் ஈப்போ தளம் கைவிடப்பட்டது. டிசம்பர் 28இல் ஜப்பானியர்கள் ஈப்போவுக்குள் வந்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பஃபலோவை மோட் செய்தது கேமர்கள் மட்டுமில்லை. 1941இல் மலாயாவில் இருந்தவர்களே செய்தார்கள். சில விமானங்களிலிருந்து இரும்புக் கவசத் தகட்டைக் கழற்றினார்கள், ரேடியோவைக் கழற்றினார்கள், கன் கேமராவைக் கழற்றினார்கள். கனமான .50 துப்பாக்கிகளை எடுத்துவிட்டு .303 மாட்டினார்கள். எரிபொருளையும் குறைத்தே நிரப்பினார்கள். ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு எடை குறைந்தது. உயிரைக் காக்கும் கவசத்தைக் கழற்றினால்தான் உயிர் தப்பும் வேகம் கிடைக்கும் என்ற கணக்கு அது.

இதே விமானத்தின் வேறொரு வகை, 44 எண்ணிக்கை, 1940இல் ஃபின்லாந்துக்குப் போனது. அது லேசான வகை, அங்கே குளிர். அங்கேயும் இன்ஜினில் எண்ணெய்ப் பிரச்சினை வந்தது. ஃபின்லாந்து மெக்கானிக்குகள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் வளையத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. மலாயாவில் சவப்பெட்டி என்று பேர் வாங்கிய விமானத்தை வைத்துக்கொண்டு ஃபின்லாந்து விமானிகள் சோவியத் விமானங்களை வரிசையாக வீழ்த்தினார்கள். கேமில் இரண்டு வகையும் இருக்கின்றன. மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

அதாவது விமானி தன் வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத ஒரு வளையம்கூட இந்தக் கதையில் இடம்பெறுகிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி மோட் பக்கம் வருவோம். மேடாக்ஸ் குழு கேமின் கோப்புகளைப் பூட்டித்தான் கொடுத்திருந்தது. 2007இல் யாரோ அந்தப் பூட்டைத் திறந்தார்கள். பெரிய சண்டை நடந்தது. இனி எல்லாரும் ஏமாற்றி ஆடுவார்கள், கேம் செத்தது என்றார்கள். நடந்தது வேறு. நூற்றுக்கணக்கான புது விமானங்கள், புது வரைபடங்கள், புது ஒலிகள் வந்தன. டீம் டைடலோஸ் என்ற தன்னார்வக் குழு அதிகாரபூர்வமான பேட்ச்களையே செய்து கொடுக்கும் நிலைக்கு வந்தது. 1998இல் வந்த 'ஃபால்கன் 4.0'க்கும் இதே கதைதான். 2000இல் அதன் மூலநிரல் வெளியே கசிந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் இன்றுவரை அந்த கேமை வளர்க்கிறார்கள்.

மோட் போட்டவர்களுக்குத் தெரியும், ஆடுகிற நேரத்தைவிடப் பழுது பார்க்கிற நேரம்தான் அதிகம். லோடிங் பட்டை 70 சதவீதத்தில் நின்று கேம் அப்படியே விழும். திரையில் ஒரு வார்த்தை வராது. அனுபவசாலிகள் "எத்தனை சதவீதத்தில் நின்றது?" என்றுதான் முதலில் கேட்பார்கள், வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி. பிறகு லாக் கோப்பைத் திறந்து கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். பெரும்பாலும் விஷயம் பட்டியலில் இருக்கும். எந்தெந்த விமானங்கள் உண்டு என்று சொல்லும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது, ஒரு விமானத்துக்கு ஒரு வரி. வரி இருந்து அதற்குரிய ஜாவா கிளாஸ் இல்லையென்றால் கேம் விழும். கிளாஸ், உருவம், வண்ணம் எல்லாம் வட்டில் பத்திரமாக இருந்தும் பட்டியலில் வரி இல்லையென்றால் கேம் விழாது. சுகமாக ஓடும். அந்த விமானம் மட்டும் எங்கேயும் இருக்காது. பழுது பார்ப்பதில் இந்த இரண்டாவது வகைதான் கஷ்டம், ஏனென்றால் எந்தப் பிழையும் காட்டாது.

கேமின் தரையும் அப்படித்தான், எந்தப் பிழையும் காட்டாது.

'பசிபிக் ஃபைட்டர்ஸ்' கொடுத்த வரைபடங்களில் சிங்கப்பூர் உண்டு. ஈப்போ இல்லை. சரி, நாமே செய்யலாம் என்று பூட்டு திறந்த கேமில் வரைபடம் எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்தேன். நிலம் என்பது சில படக்கோப்புகள். ஒன்று உயரம், ஒன்று தண்ணீர், ஒன்று காடு, ஒன்று நிலத்தின் வகை. நிலவகைப் படத்தில் ஒரு பிக்சல் 200 மீட்டருக்கு 200 மீட்டர். நான்கு ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட பத்து ஏக்கர். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண், எண்ணுக்கு ஒரு தோல்: தாழ்நிலம், வயல், மலை, நகரம், விமானத்தளம். ஆயிரம் ஏக்கர் ரப்பர் தோட்டம் என்றால் நூறு பிக்சல். ஒரு தோட்டத்தின் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, செம்மண் சடக்கு எல்லாம் சேர்ந்து ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அந்தப் பிக்சலின் எண் அநேகமாக 'காடு'.

அந்தக் காடும் காடு மாதிரிதான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தட்டையான படங்கள் அவை. உயரத்திலிருந்து அடர்த்தியாகத் தெரியும், தாழப் பறந்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். ஆனால் கித்தா மரம் அப்படி வளர்வதில்லை, நேர் நிரையில் நட்டிருப்பார்கள். ஒவ்வொரு நிரைக்கும் விடியற்காலையில் வாளியோடு போன ஒருவர் இருந்திருக்கிறார். இந்தக் கோடுகளை அடித்துவிட்டால் அது தோட்டம் இல்லை, யாருக்கும் சொந்தமில்லாத பச்சை. ஈப்போவைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் இதே கதிதான். செங்குத்தாக எழும் பாறையை 200 மீட்டருக்கு ஓர் உயரம் என்று எழுதினால் அது வழவழப்பான மேடாகிவிடும். ஈயலம்பத்தின் வெள்ளை மணலுக்கோ தோல் கிடையாது, கடற்கரையிலிருந்து கடன் வாங்க வேண்டும்.

லகாட்டிலிருந்து ஈப்போ விமான நிலையம் நேர்கோட்டில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பஃபலோவுக்கு ஒரு நிமிடப் பறத்தல். அந்த ஒரு நிமிடத்தில் கீழே யார் இருந்தார்கள்? ஈப்போவில் குண்டு விழுந்த அந்த டிசம்பரில் டாக்டர் கதிகாசுவும் அவர் மனைவி சிபில் கதிகாசுவும் லகாட்டை அடுத்த பாப்பானுக்குப் போனார்கள். பாப்பான் மெயின் ரோடு 74ஆம் எண் வீட்டில் வைத்தியம் பார்த்தார்கள். சிபில் திருட்டுத்தனமாக ரேடியோ கேட்டார், ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு மருந்து கட்டினார், 1943இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். அவர் எழுதிய 'நோ டிராம் ஆஃப் மெர்சி' 1954இல், அவர் இறந்து ஆறு வருடம் கழித்து வந்தது. இது பெயர் தெரிந்தவர்களின் கதை.

பெயர் தெரியாதவர்கள் தோட்டங்களில் இருந்தார்கள். தலைக்கு மேலே பிளேன் போனபோது அது யாருடையது என்றுகூட அவர்களுக்குத் தெரிய வழியில்லை. துரைமார்கள் ஓடிப்போனார்கள், சம்பளம் நின்றது, அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. 1942, 43இல் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். நிறையப் பேர் திரும்பி வரவில்லை. அங்கே செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு காஞ்சனபுரியில் கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இல்லை. பட்டியலில் வரி இல்லை. பிழையும் காட்டவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சிமுலேட்டர் விமானியின் அனுபவத்தைத்தான் தருகிறது, ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து அவன் தோட்டத்து ஆட்களைப் பார்த்திருக்க மாட்டான், அதனால் அவர்கள் இல்லாததும் உண்மைதானே என்பார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. சிலிண்டருக்குள் நடப்பதையும் எந்த விமானியும் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டை கேம் கணக்கிடுகிறது, ஏனென்றால் அது இல்லாமல் விமானம் பொய்யாகிவிடும் என்று செய்தவர்கள் நினைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாதது இயந்திரமாக இருந்தால் எழுதுவார்கள், மனிதனாக இருந்தால் பிக்சலாக விடுவார்கள். கேமில் ஒரு கம்பத்தின் மேல் குண்டு போட்டுப் பாருங்கள். வீடு இடிந்த வீடாக மாறும், புகை வரும், யாரும் ஓடி வரமாட்டார்கள். இலக்கு தவறினால் தரையில் ஒரு கரும்புள்ளி விழும், கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். ஆடுகிறவனின் மனசாட்சிக்கு இவ்வளவு வசதியான போர் எங்கேயும் நடந்ததில்லை.

மோட் செய்கிறவர்கள் இதைத் திருத்தினார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. அவர்கள் உழைப்பு அபாரமானது, காசு வாங்காமல் செய்கிறார்கள். ஆனால் பத்து மோடில் எட்டு இன்னொரு விமானம், இன்னொரு காக்பிட், வால் பகுதியின் சரியான வண்ணம். ரிவெட் எண்ணிக்கைக்கு வாரக்கணக்கில் சண்டை நடக்கும். ஒரு பிரதியை விமர்சிக்கிறவன் அந்தப் பிரதி எதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததோ அதை மட்டுமே பார்த்தால், அவன் செய்வது மெய்ப்புத் திருத்தம். விமர்சனம் இல்லை.

பழியை முழுக்க அவர்கள் மேல் போடவும் முடியாது. தரையை யார் எழுத வேண்டும்? தரையில் இருந்தவர்களின் பிள்ளைகள்தான். நம் நாவல்கள் அதைச் செய்திருக்கின்றன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டும் அந்தப் பாதைக்குப் போனவர்களைப் பற்றியவை. ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் போர்க்கால மேடானையும் பினாங்கையும் எழுதினார். ஆனால் என் வயதுப் பையன்கள் பலர் அந்தப் போரைப் புத்தகத்தில் சந்திக்கவில்லை, ஜாய்ஸ்டிக்கில்தான் சந்தித்தார்கள். நாவல் படித்தவன் கேமைச் சீண்டமாட்டான், கேம் ஆடுகிறவன் நாவலைச் சீண்டமாட்டான். இடையில் அந்த ஒரு நிமிடத் தூரம் அப்படியே கிடக்கிறது.

இத்தனைக்கும் கருவி கையில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து கம்பார்வரை ஒரு வரைபடத்துக்கு நாற்பது கிலோமீட்டர் சதுரம் போதும். இருநூறுக்கு இருநூறு பிக்சல். பழைய நில அளவை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாதாரண படமென்பொருளில் எண்களை நிரப்பலாம். ரப்பர் நிரைக்குக் கோடு போட்ட ஒரு புதுத் தோலை வரைவது ஒரு வார இறுதி வேலை. கட்டடங்களை வைக்கத் தனிக் கோப்பு இருக்கிறது, லயங்களை அதில் ஒவ்வொன்றாக நிறுத்தலாம். ஊர்ப்பெயர்களுக்கும் ஓர் எழுத்துக் கோப்பு உண்டு, ஒரு பெயருக்கு ஒரு வரி. தோட்டங்களின் பெயர்கள்தான் சிக்கல். பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. துரை வைத்த பெயர் ஆவணத்தில் இருக்கும், நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் இருக்காது. அதை எந்த லாக் கோப்பும் சொல்லாது, வயதானவர்களிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அவர்களிலும் சப்பான்காரன் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது மிகச் சிலரே.

நான் லகாட், பாப்பான் பக்கம் தொடங்கியிருக்கிறேன். பெயர்க் கோப்பில் இதுவரை பதினொரு வரிகள். உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த தோட்டத்துப் பெயர்களை இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள், கேம் ஆடாவிட்டாலும் பரவாயில்லை.