மழை தொடாத பாவை

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறினால், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. அரசனுக்குச் சிலை இருக்கிறது, பெண்ணுக்கு எங்கே என்று கேட்கத் தோன்றும். ஆனால் சங்கப் பாடல்களில் இந்த மலைக்குப் பெயர் தேடித்தந்த சிற்பமே ஒரு பெண்தான்: கொல்லிப்பாவை.

நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர் காட்டும் பாவைக்குக் காற்றாலும் மழையாலும் இடியாலும் நிலநடுக்கத்தாலும்கூட அழகு குலைவதில்லை. அதை யார் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். காதலைக் கண்டித்த தோழனுக்குத் தலைவன் தரும் பதில் அது. இரண்டு ஆண்களின் பேச்சில் தலைவி பாவையாகிறாள். வெட்டவெளியில் நின்றாலும் அந்த வெளி அவளைத் தொடுவதில்லை. மலை வெறும் பின்புலம். அதே மலையில் மிளகும் காப்பியும் பறிக்கும் பெண்களின் உடலிலோ வெயிலும் மழையும் பதிந்துகொண்டே இருக்கின்றன. மாறாத அழகை உவமையாக்கியபோது, மாறும் உடல்களுக்கு அதில் இடமில்லாமல் போனது.

இங்கேதான் அரூபச் சிற்பம் நமக்கு உதவுகிறது. ஆங்கிலேயச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1970இல் 'மனிதக் குடும்பம்' என்ற தொகுதியை முடித்தார். அதன் ஒன்பது வெண்கல உருவங்கள் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவின் புல்சரிவில் நிற்கின்றன. ஒன்றின் பெயர் 'மணப்பெண்', இன்னொன்றின் பெயர் 'இளம்பெண்'. பெயரைக் கேட்டு இடையையும் மார்பையும் தேடும் கண்ணுக்குக் கிடைப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கனவடிவங்களே. துளைகளின் வழியே வானமும் மரமும் தெரிகின்றன. நாம் நகர்ந்தால் துளைக்குள் தெரியும் காட்சியும் மாறுகிறது. சிற்பங்களுக்கு நடுவே நாமும் நடக்கலாம்.

குடும்பம், மணப்பெண் என்ற பழைய சட்டகத்தை ஹெப்வொர்த் முற்றிலும் விடவில்லை என்பது உண்மை. அரூபம் என்பதாலேயே ஒரு சிற்பம் பெண்ணுக்கு விடுதலை தந்துவிடாது. ஆனாலும் இந்த மணப்பெண்ணை இன்னொருத்தியின் அழகுக்கு அளவுகோலாக்க முடியாது. வெளியை விலக்கி நின்றவள் பாவை. இவளோ வெளியைத் தன் உடலின் பகுதியாக்கிக்கொள்கிறாள்.

ஆகவே ஓரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிலையும் வேண்டும் என்ற கோரிக்கை எனக்குப் போதவில்லை. பீடத்தில் இன்னொரு பாவையை ஏற்றினால் அவளையும் அண்ணாந்துதான் பார்ப்போம். சுமையை இறக்கிவைத்து ஒரு பெண் சாய்ந்து உட்காரக்கூடிய, மழையில் நிறம் மாறும், மலை ஊடே தெரியும் ஒரு வடிவம் அங்கே வேண்டும்.