பிரிண்டும் கொப்பியும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடைகளுக்கு நடுவே விசிடி கடைகள் பாட்டுச் சத்தத்தோடு இருந்த காலம். ஒரு சனிக்கிழமை மாலை அப்படியொரு கடையில் நின்றிருந்தேன். உணவகத்தில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒரு புதுப்பட உறையைத் திருப்பிப் பார்த்து, “அண்ணே, பிரிண்ட் நல்லா இருக்குமா?” என்றார். மகள் வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியவர் அதே படத்தை எடுத்து, “தம்பி, கொப்பி தெளிவோ?” என்றார்.

இரண்டும் ஒரே கேள்விதான். ஆனால் பிரிண்ட் என்பது தியேட்டர்க்காரர் சொல். பெட்டி வந்ததா, புதுப் பிரிண்டா என்று கொட்டகை வாசலில் விசாரித்துப் பழகிய வாய்க்கு உரியது. கொப்பியோ கைமாறி, வீடு மாறி வரும் பொருளின் பெயர். வீட்டில் படம் பார்க்கும் பழக்கம் கடலின் இரு கரையிலும் வெவ்வேறாக வளர்ந்த கதை அந்த இரண்டு சொற்களிலேயே இருக்கிறது. படம் நன்றா இல்லையா என்ற பேச்சும் அந்தக் கதையை ஒட்டியே போகிறது.

தமிழ்நாட்டில் 1980களில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்ட தெருக்கள் ஏராளம். இருந்தாலும் அங்கே தீர்ப்புச் சொல்லும் இடம் தியேட்டர்தான். வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சி முடிந்து வருகிறவர் வாசலில் சொல்வதே முடிவு. வீட்டில் பார்ப்பது விட்டுப்போன படத்தை. இல்லையென்றால் திருட்டு விசிடி. அந்தத் திருட்டைத் தமிழ்நாடு எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது என்றால், 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயக்காரர் வரிசையில் வீடியோ திருடரையும் சேர்த்தது. நேர்வழியில் வீட்டுக்குள் வரவும் சிலர் முயன்றார்கள். 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஎச்சில் முதலில் காட்ட நினைத்த கமல்ஹாசன், தியேட்டர் உரிமையாளர்களின் எதிர்ப்பைச் சந்தித்தார். 2015இல் சேரன் தன் ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’யை 50 ரூபாய் டிவிடியாக வீட்டு வாசலுக்கே அனுப்பிப் பார்த்தார். எதுவும் கொட்டகையின் அதிகாரத்தை அசைக்கவில்லை. 2003இல் தோற்ற ‘அன்பே சிவம்’ போல அபூர்வமாக ஒரு தீர்ப்பு மாறியது என்றால், அதை மாற்றியது தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்த ஒளிபரப்பு.

இலங்கை வடக்கில் நிலைமை நேர்மாறு. இந்தியப் படங்களின் இறக்குமதி நெடுங்காலம் அரச கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. பிறகு போர். 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை, எரிபொருளுக்கும் தடை. டெக்கும் ஜெனரேற்றரும் உள்ள வீட்டு முற்றமே தியேட்டர் ஆனது. இந்தியப் படங்கள் விடுதலைப் புலிகளின் தணிக்கையைத் தாண்டியே மக்களிடம் வந்தன. அவர்களுடைய நிதர்சனம் பிரிவு ‘ஒளிவீச்சு’ என்று ஒரு சஞ்சிகையையே வீடியோவில் வெளியிட்டது. திருட்டுப் பொருள் என்று தமிழ்நாடு முகம் சுளித்த கசட், அங்கே கொட்டகையாகவும் பத்திரிகையாகவும் இருந்தது.

கடையில் சந்தித்த அந்தப் பெரியவர் சொன்னார்: “மண்ணெண்ணெய் முடியமுன்னம் படம் முடியவேணும் தம்பி. அதால பாட்டு வந்தா ஓட்டிவிட்டிடுவம்.” எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. பாட்டுக்கும் நாயகன் நுழைவுக்கும் விசிலடிக்கும் கொட்டகையில் ஓர் அபிப்பிராயம் உருவாகும். அவற்றை ஓட்டிவிட்டு, எஞ்சிய கதையை மட்டும் பார்க்கும் முற்றத்தில் வேறொன்று உருவாகும். அங்கே படத்துக்குக் கொடுத்த விலை மண்ணெண்ணெய். “விசர்ப் படம்” என்று அவர் ஒன்றைத் தள்ளினால் அதில் வீணான எண்ணெயின் எரிச்சலும் சேர்ந்திருந்தது.

‘தெனாலி’ (2000) இதற்கு நல்ல சோதனை. கமலுக்கு யாழ்ப்பாணத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இலங்கை ஒலிபரப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத். எதைக் கண்டாலும் பயப்படும் நாயகனைப் பார்த்துத் தஞ்சாவூர் இளைஞர் வயிறு குலுங்கச் சிரித்ததாகச் சொன்னார். பெரியவரும் சிரித்தாராம், ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று படம் சொல்லும் இடத்தில் வீட்டில் யாரும் பேசவில்லையாம்.

நாங்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்கள் மூன்றாவது வகை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் வழி ஒன்று, தோட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டார் வழி ஒன்று, இரண்டும் ஒரே கடையில் வட்டு வாங்கின. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வாங்கிய விசிடியில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் அடங்கும். இரண்டு மூன்று வட்டு சேர்ந்தால் ஒரு படம். இடைவேளை விடுவது வட்டின் கையில். அடியில் மலாய் எழுத்து ஓடும். 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தபின் தொடர்களும் வீட்டுக்கே வந்தன.

இன்று வட்டும் போய்விட்டது. இணையம் வழியே ஒரே நாளில் ஒரே படம் மூன்று நாட்டுக்கும் வருகிறது. வழி ஒன்றானால் பார்வையும் ஒன்றாகிவிடும் என்று நினைத்தேன். 2021 ஜூனில் வந்த ‘தி ஃபேமிலி மேன்’ இணையத் தொடரின் இரண்டாம் பாகம் அந்த எண்ணத்தைக் கலைத்தது. ஈழத்தமிழரைக் கொச்சைப்படுத்துகிறது என்று முன்னோட்டம் பார்த்தே தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. தொடர் வெளியாகுமுன்பே தடை கேட்டு மாநில அரசு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு அங்கே முன்னோட்டத்துக்கே நகர்ந்துவிட்டது.

எங்கள் ஊரை வைத்து எடுத்த ‘கபாலி’யைச் (2016) சொல்லாமல் முடிக்க முடியாது. தமிழ்நாட்டுக் கொட்டகையில் திரை இருண்டு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. மலேசியக் கொட்டகையில் கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்துப் போட்டார்கள். அந்த ஆண்டு சென்னையிலிருந்து வந்த உறவினரோடு முடிவைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடியபிறகுதான் நாங்கள் பார்த்தது வேறு வேறு முடிவுகள் என்று தெரிந்தது. இப்போதெல்லாம் படத்தைப் பற்றி யாராவது அடித்துப் பேசினால், பதில் சொல்லுமுன் அந்தப் பெரியவர் பாணியில் ஒன்று கேட்டுவிடுகிறேன்: நீங்கள் பார்த்தது எந்தக் கொப்பி?